நாய்க்கு வியர்க்காது: கத்திரி வெயில்ல வீட்டு நாய எப்படி பாத்துக்கறது

எங்க ஊரு காட்பாடி. வேலூர் வெயில பத்தி யாருக்கும் புதுசா சொல்ல வேண்டியதில்ல, மார்ச் பாதிலயே ஆரம்பிச்சிடும், மே 4 வாக்குல கத்திரி பொறக்கும்போது சுத்தி இருக்குற பாறை மலை எல்லாம் சூடேறி ராத்திரி பத்து மணிக்கு வீட்டு சுவத்த தொட்டாலும் கதகதன்னு இருக்கும். இந்த ஊர்ல பதினோரு வருஷமா நாய் வளக்குறேன். இப்ப ரெண்டு பேர் இருக்காங்க, ஜிம்மி ஒரு லேப்ரடார், ஒன்பது வயசு ஆகுது. கருப்பி நாட்டு நாய், கண்ணு தொறக்காத குட்டியா சாக்கடை ஓரத்துல கெடந்தவ. வருஷா வருஷம் வெயில் ஆரம்பிச்சா தெரிஞ்சவங்க நாலஞ்சு பேராவது போன் பண்ணி நாய் ரொம்ப மூச்சு வாங்கி இளைக்குது, சாப்பாடு தொட மாட்டேங்குது, என்ன பண்றதுன்னு கேக்குறாங்க, அவங்களுக்கு சொல்றதெல்லாம் இங்க மொத்தமா எழுதுறேன்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு விஷயம் மனசுல பதியணும். நாய்க்கு வியர்க்காது. பாதத்துக்கு அடில இருக்குற அந்த கருப்பு மெத்தைல மட்டும் கொஞ்சம் வியர்வை வரும், டைல்ஸ் தரைல ஈரமா கால் தடம் பாத்திருப்பீங்க, ஆனா அது உடம்ப குளிர வைக்க பத்தாது. நாக்க தொங்கப்போட்டு இளைக்குது பாருங்க, அதுதான் அதுக்கு வியர்வை. நாக்கு, வாய், மூக்குக்குள்ள இருக்குற ஈரம் ஆவியாகும்போது உடம்பு சூடு அதோட சேந்து வெளிய போகுது. அப்ப அதுக்கு மூணு விஷயம் வேணும். வாய் ஈரமா இருக்க தண்ணி வேணும், வாய நல்லா தொறக்க முடியணும், இழுக்குற காத்து ரொம்ப சூடாவோ ரொம்ப புழுக்கமாவோ இருக்கக்கூடாது. இதுல எது கெட்டாலும் நாய் என்னதான் இளைச்சாலும் சூடு எறங்காது, இளைக்கறதே ஒரு வேலதான, அந்த வேலையால சூடு இன்னும் ஏறும்.

இது புரிஞ்சா நாம சாதாரணமா பண்ற பாதி தப்பு தானா தெரிஞ்சிடும். ஃபேன் போட்டுட்டேன், நாய் ஜம்முனு இருக்கும்னு நெனைக்கிறோம். நமக்கு ஃபேன் சில்லுனு இருக்கறதே நம்ம வியர்வைல காத்து படுறதாலதான். காஞ்ச முடியோட இருக்குற நாய் மேல அனல் காத்த சுத்தி விட்டா பெருசா ஒண்ணும் ஆகாது. அதே நாயோட வயித்தயும் காலயும் ஈரம் பண்ணிட்டு ஃபேன் போடுங்க, கத வேற. அதே மாதிரி வாய இறுக்கி மூடுற துணி வாய்ப்பூட்டு, சில பேர் வாக்கிங் போகும்போது மாட்டி விடுறாங்க. வெயில் காலத்துல அத மாட்டவே மாட்டாதீங்க, அது வியர்வை வர்ற வழிய அடைக்கிற மாதிரி. கண்டிப்பா மாட்டித்தான் ஆகணும்னா வாய முழுசா தொறந்து இளைக்க எடம் இருக்குற கூண்டு மாதிரி வர்றது வாங்குங்க.

ஊருக்கு ஊரு கணக்கும் மாறும். எங்க வேலூர், திருச்சி, மதுரை பக்கம் வறண்ட சூடு, 41, 42 காமிக்கும் ஆனா காத்துல ஈரம் கம்மி. இங்க ஏர் கூலர் நல்லா வேல செய்யும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல டிகிரி கம்மியா இருந்தாலும் புழுக்கம் அதிகம், ஏற்கனவே ஈரமா இருக்குற காத்துல நாக்கு ஈரம் ஆவியாகறது கஷ்டம். அங்க கதவு சாத்துன ரூம்ல கூலர் போட்டா ரூம் முழுக்க ஈரம் ஏறி நாய்க்கு இன்னும் மோசம், ஜன்னல் தொறந்து வெச்சு ஃபேன் போடுறது எவ்வளவோ தேவல. சென்னை பெரம்பூர்ல எங்க தங்கச்சி வீட்டுல பக்னு சப்ப மூஞ்சி நாய் ஒண்ணு இருக்கு, அவ ‘இங்க 36 தானே காட்டுது’ன்னு சொல்வா. 36 இருந்தாலும் அந்த புழுக்கத்துல பக்குக்கு அது எங்க ஊரு 41 மாதிரி. சென்னையும் சும்மா இல்ல, 2003 மே 31 அன்னைக்கு 45 டிகிரி அடிச்ச ஊருதான்.

இப்ப ஜிம்மிக்கு நடந்தத சொல்றேன், ஏன்னா நான் கத்துக்கிட்டதெல்லாம் அன்னைக்குத்தான்.

நாலு வருஷம் முன்னாடி ஏப்ரல் கடைசி. வீட்டுல சொந்தக்காரங்க வந்திருந்தாங்க, சின்ன பசங்க ஜிம்மிய பாத்து பயந்ததால காலைல எட்டரைக்கு மொட்ட மாடில தண்ணி தொட்டி பக்கத்து நெழல்ல செயின் போட்டு கட்டிட்டு, ஒரு ஸ்டீல் கிண்ணத்துல தண்ணி வெச்சிட்டு வந்தேன். எட்டரைக்கு அங்க நல்ல நெழல். பதினொன்றைக்கு மேல அந்த நெழல் சுத்தமா இல்ல, அத நான் யோசிக்கவே இல்ல. கிண்ணத்த வேற அது தட்டி விட்டிருக்கு. ஒன்றரைக்கு சாப்பாடு எடுத்துட்டு போனா, கால விரிச்சு நிக்கறான், என்ன பாத்து வால் ஆட்டல, நாக்கு கரும்செவப்பா ஒரு பக்கம் அகலமா விழுந்து கெடக்கு, வாயோரம் எச்சில் பச மாதிரி கெட்டியா கயிறு கயிறா தொங்குது. ரெண்டு எட்டு வெச்சான், பின்னங்கால் மடங்கி உக்காந்துட்டான்.

நான் பதறிப்போயி மாடி டேப்ப தொறந்து அவன் மேல ஊத்தினேன். சின்டெக்ஸ் டேங்க் தண்ணி, மத்தியானம் ஒன்றரை மணி, என் கையே சுட்டுது. அடுத்து ஒரு பெரிய டவல நனைச்சு அவன் மேல போத்தினேன். அதுவும் தப்பு. பக்கத்து வீட்டு அக்கா ஆடு வளக்குறவங்க, சத்தம் கேட்டு ஓடி வந்து மொதல்ல அந்த டவல உருவி எறிஞ்சாங்க, ‘போர்வ போத்துவியாடா, சூடு எப்படி வெளிய போகும்’னு திட்டிக்கிட்டே என்னையும் புடிக்க சொல்லி அவன கீழ தூக்கிட்டு வந்து அவங்க வீட்டு போர் மோட்டார போட்டாங்க. ட்யூப்ல நேரா வந்த தண்ணிய வயித்துல, தொடை இடுக்குல, முன்னங்கால் இடுக்குல, பாதத்துல பிடிச்சிக்கிட்டே இருந்தாங்க, அவங்க பையன் டேபிள் ஃபேன எடுத்துட்டு வந்து ஸ்டூல் மேல வெச்சான். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் ஆட்டோ ஏத்தினோம், போற வழியெல்லாம் ரெண்டு பக்கமும் தொறந்த ஆட்டோ காத்து, மடில ஈர நாய். டாக்டர் பாத்தப்ப 104.8 இருந்துது, அதுவே எறங்கின பிறகு. ஊத்தாம கொண்டு வந்திருந்தா வழியிலயே போயிருக்கும்னு சொன்னாரு. மூணு நாள் ட்ரிப்ஸ் ஏத்தினோம், ரெண்டு தடவ ரத்தம் எடுத்து கிட்னி பாத்தாங்க. பொழச்சிட்டான். அன்னைலருந்து மாடில நாய கட்றதே கெடையாது, யாரு வந்தாலும் சரி.

அதனால வெயில் அடிச்ச நாய்க்கு என்ன பண்ணணும்னு வரிசையா சொல்லிடுறேன். நாய்க்கு சாதாரண உடம்பு சூடே 101-லருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட், நம்மள விட அதிகம், அதனால தொட்டு பாத்து காய்ச்சல்னு முடிவு பண்ண முடியாது. 104 தாண்டினா ஆபத்து ஆரம்பம், 106 போனா உள்ளுறுப்பு எல்லாம் கெட ஆரம்பிச்சிடும். ஆனா தெர்மாமீட்டர் தேடிக்கிட்டு நிக்காதீங்க. அடையாளம் இதுதான்: நெழலுக்கு வந்தும் இளைப்பு கொறையல, எச்சில் கெட்டியா இருக்கு, ஈறு ரத்தச் செவப்பா இருக்கு, கூப்பிட்டா திரும்பல, தள்ளாடுது, வாந்தி எடுக்குது. ஈறு வெளிறி சாம்பல் மாதிரி போனாலோ, பேதில ரத்தம் வந்தாலோ, வலிப்பு வந்தாலோ நெலம கைமீறி போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

மொதல்ல நெழலுக்கு, காத்து வர்ற எடத்துக்கு கொண்டு வாங்க. பெல்ட்ட கழட்டுங்க. கெடைக்கிற குளிர்ந்த தண்ணிய உடனே ஊத்துங்க, முதுகுல மட்டும் ஊத்தினா முடி மேலயே வழிஞ்சு போயிடும், தோல் வரைக்கும் எறங்கணும், அதனால முடி கம்மியா இருக்குற வயிறு, தொடை இடுக்கு, அக்குள், காது, பாதம் இதெல்லாம்தான் முக்கியம். ஐஸ் தேடி கடைக்கு ஓடாதீங்க, சாதா தண்ணி நெறைய ஊத்தினா போதும், அந்த ஓடுற அஞ்சு நிமிஷம்தான் உயிர். மூக்குலயும் வாய்க்குள்ளயும் தண்ணி போகாம தலைய தூக்கி புடிங்க. ஊத்திக்கிட்டே ஃபேன் வைங்க, ஃபேன் இல்லன்னா அட்டைய வெச்சு விசிறுங்க. ஈரத்துணி போத்தி அப்படியே விடாதீங்க, கொஞ்ச நேரத்துல துணி சூடாயி உள்ள இருக்குற சூட்ட வெளிய விடாம கட்டி வெச்சிடும். தானா குடிச்சா தண்ணி குடுங்க, மயக்கமா இருக்குற நாய் வாய்ல ஊத்தாதீங்க, நுரையீரலுக்கு போயிடும். தெர்மாமீட்டர் இருந்தா ஆசன வாய்ல வேசலின் தடவி வெச்சு பாருங்க, 103 வந்ததும் ஊத்தறத நிறுத்துங்க, அதுக்கு மேல ஊத்தினா சூடு தேவைக்கு கீழ எறங்கிடும். அடுத்து டாக்டர். குளிர வைக்கிறது மொத வேல, வண்டி ஏத்தறது ரெண்டாவது.

எந்திரிச்சு வாலாட்டிடுச்சு, இனிமே எதுக்கு ஆஸ்பத்திரின்னு விட்டுடாதீங்க. கிட்னி, ஈரல், ரத்தம் உறையறதுல வர்ற கோளாறு எல்லாம் அன்னைக்கே தெரியாது, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளிய வரும். இன்னொண்ணு, இதுக்கு பாராசிட்டமால் குடுக்காதீங்க, தயவு செஞ்சு. இது காய்ச்சல் இல்ல, மாத்திரைல எறங்குற சூடும் இல்ல, அதுக்கும் மேல நாய்க்கு அந்த மாத்திரை ஈரல கெடுக்கும். ஐபுப்ரோஃபென் அதவிட மோசம். ஞாயித்துக்கிழம மத்தியானம் எந்த நாய் டாக்டர் இருப்பாரு, பக்கத்துல மாட்டாஸ்பத்திரி எத்தன மணி வரைக்கும்னு இப்பவே விசாரிச்சு நம்பர போன்ல போட்டு வைங்க. சென்னைல இருக்குறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 1903-ல ஆரம்பிச்ச கல்லூரி, வெளியூர்க்காரங்க நெறைய பேருக்கு அந்த வசதி இல்ல, அதனால முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும்.

எல்லா நாய்க்கும் ஒரே ஆபத்து கெடையாது. மூஞ்சி சப்பையா இருக்குற பக், ஷீ சூ, பாக்ஸர், பிரெஞ்ச் புல்டாக் இதுங்களுக்கு மூச்சு வழியே குறுகல், இளைச்சு இளைச்சு சூட்ட வெளிய தள்ற தெறமையே கம்மி. குண்டா இருக்குற நாய், வயசான நாய், சின்ன குட்டி, இதய நோய் இருக்குறது, இதெல்லாம் அடுத்த வரிச. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் எல்லாம் பனி ஊருக்கு பொறந்தது, இங்க வாங்காதீங்கன்னு கையெடுத்து கும்புட்டு கேக்குறேன், ஏற்கனவே வாங்கியாச்சுன்னா ஏப்ரல், மே பகல் முழுக்க ஏசி ரூம் அதுக்கு ஆடம்பரம் இல்ல, சாப்பாடு மாதிரி. நம்மூரு சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, தெரு நாய் எல்லாம் தாங்கும், தாங்கும்னா நெழலும் தண்ணியும் இருந்தா தாங்கும். ராஜபாளையம் நாய் நம்மூரு நாய்தானேன்னு வெயில்ல விடாதீங்க, உடம்பு வெள்ள, மூக்கு ரோஸ் கலர், அந்த மூக்கும் காது நுனியும் வெயில்ல வெந்து தோல் உரியும்.

வெயில் ஆரம்பிக்கிற முதல் வாரங்கள்ல இன்னும் கவனமா இருக்கணும். நாய் உடம்பு சூட்டுக்கு பழக வாரக்கணக்குல ஆகும். மே மாசம் 41-ல சமாளிக்கிற நாய், மார்ச்ல திடீர்னு 38 அடிக்கிற மொத நாள்ல விழுந்துடும்.

எடம் எப்படி இருக்கணும்னு பாப்போம். கட்டி வளக்குறவங்க ஒரு ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணி, பதினொண்ணு, ரெண்டு, நாலு, இந்த நாலு நேரத்துலயும் நாய் இருக்குற எடத்துல போய் நில்லுங்க, செருப்பு போடாம. நெழல் எங்க நகருதுன்னு தெரியும், தரை எப்படி சுடுதுன்னும் தெரியும். நெழல் நகந்தா கூடவே நகர நாய்க்கு வழி இருக்கணும், செயின்ல இருந்தா அது முடியாது. நாள் முழுக்க கட்டி வைக்கிறது 1960 மிருகவதை தடுப்புச் சட்டத்துல தப்புன்னே இருக்கு, வெயில் காலத்துல அது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பெஸ்டாஸ் இல்ல தகர ஷீட் போட்ட கூண்டுன்னா மேல தென்னங்கீத்து ரெண்டு அடுக்கு பரப்பி கட்டுங்க, ஷீட்டுக்கு வெளிய சுண்ணாம்பு அடிங்க, ரெண்டு பக்கமாவது காத்து போறதுக்கு தொறப்பு இருக்கணும். மூணு பக்கம் சுவரு வெச்ச கூண்டு மத்தியானத்துல அடுப்பு மாதிரி, அந்த நேரத்துல வீட்டுக்குள்ள விட்டுடுங்க.

வீட்டுக்குள்ள நாய் தானா போய் படுக்குற எடம் எதுன்னு பாருங்க, அதுக்கு நம்மள விட நல்லா தெரியும். ஜிம்மி பாத்ரூம் வாசல் விட்டு நகர மாட்டான், வயித்த முழுசா தரைல பரப்பிக்கிட்டு பின்னங்கால தவள மாதிரி நீட்டி படுப்பான். அந்த எடத்துல போய் பஞ்சு மெத்தைய போடாதீங்க, அவனுக்கு தேவ சில்லுனு இருக்குற தரை. தோட்டம் இருந்தா வேப்ப மரமோ புங்க மரமோ அதுக்கு அடில கொஞ்சம் மண்ண கொத்தி விட்டு காலைலயும் மத்தியானமும் தண்ணி தெளிங்க. கருப்பி தானே குழி பறிச்சு அந்த ஈர மண்ணுல வயித்த வெச்சு படுத்துக்குவா, செடி போச்சேன்னு அடிக்காதீங்க. ஜன்னல்ல நனைச்ச சாக்கு இல்ல வெட்டிவேர் தட்டி தொங்க விட்டா எங்க ஊரு வறண்ட காத்துக்கு நல்ல வித்தியாசம் தெரியும், கடலோரத்துக்கு அவ்வளவா ஒதவாது. ஏசி போடுறவங்க 26, 27 வெச்சா போதும். ஆனா நாய ஏசி ரூம்ல தனியா பூட்டிட்டு வெளிய போகாதீங்க, கரண்ட் போனா அது மூடின டப்பா. ரூம் கதவ தொறந்து வெச்சிட்டு போங்க, வேற எடத்துக்காவது போய் படுத்துக்கும்.

தண்ணி விஷயம். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லின்னு கணக்கு, 30 கிலோ லேப்ரடார்னா ஒன்றரை லிட்டருக்கு மேல, வெயில்ல அதுல ஒன்றரை மடங்கு ரெண்டு மடங்கு கூட குடிக்கும். ஒரே எடத்துல வைக்காம ரெண்டு மூணு எடத்துல வைங்க. ஸ்டீல் கிண்ணம் சீக்கிரம் சூடாகும், லேசா இருக்குறதால தட்டியும் விட்டுடும். வாய் அகலமான மண் சட்டிதான் பெஸ்ட், தண்ணி கசிஞ்சு ஆவியாகி தானா சில்லுனு இருக்கும். புது சட்டிய ஒரு நாள் முழுக்க தண்ணில ஊற வெச்சிட்டு அப்புறம் பயன்படுத்துங்க. கூடவே ஒரு பழக்கம் வெச்சுக்கோங்க, காலைல ஆறு மணிக்கு டேங்க் தண்ணி குளுந்து இருக்கும்போதே ரெண்டு பக்கெட் புடிச்சு வீட்டுக்குள்ள மூடி வைங்க. மத்தியானம் டேப்ல கொதிக்கிற தண்ணிதான் வரும், அவசரத்துக்கு அந்த ரெண்டு பக்கெட்டு வேணும். எங்க வீட்டுல அன்னைக்கு அது இருந்திருந்தா ஜிம்மிக்கு அந்த மொத அஞ்சு நிமிஷம் வீணாகியிருக்காது.

சாப்பாடு வெயில்ல கொறைச்சுத்தான் சாப்பிடும், பயப்படாதீங்க, வற்புறுத்தவும் வேண்டாம். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஒரு வேள, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு வேள. தயிர் சாதம் பெரும்பாலான நாய்க்கு ஒத்துக்கும், நமக்கு தாளிச்சத குடுக்காதீங்க, உப்பு, பச்ச மொளகா, வெங்காயம் எதுவும் இல்லாம வெறும் தயிரும் கொழைஞ்ச சாதமும். பால் பொருள் ஒத்துக்காம பேதி போற நாயும் இருக்கு, அதுக்கு பேதியிலயே தண்ணி வத்திப்போகும், அதனால கொஞ்சமா குடுத்து பாருங்க. உப்பு போடாத நீர் மோர், வெள்ளரிக்கா, வெத எடுத்த தர்பூசணி ரெண்டு துண்டு எல்லாம் குடுக்கலாம். திராட்ச, உலர் திராட்ச ரெண்டும் கூடவே கூடாது, கிட்னி போயிடும். ஐஸ்க்ரீம் வேண்டாம், சுகர் ஃப்ரீன்னு போட்டிருக்குறது சுத்தமா வேண்டாம், அதுல சக்கரைக்கு பதிலா போடுற சைலிடால் இருந்தா உயிருக்கே ஆபத்து. அதோட நம்மூரு வெயில் காலத்துல மட்டும் வர்ற ஒரு ஆபத்து மாங்கொட்ட. பசங்க சப்பிட்டு போடுறத நாய் அப்படியே முழுங்கிடும், குடல்ல மாட்டிக்கிட்டா ஆபரேஷன்தான். மாம்பழ சீசன் முழுக்க குப்ப கூடைய மூடி வைங்க.

வாக்கிங் காலைல ஆறு மணிக்குள்ள முடிஞ்சிடணும், சாயங்காலம் ஏழரைக்கு மேல. அஞ்சு மணிக்கு வெயில் தாழ்ந்துடுச்சுன்னு தோணும், ஆனா தார் ரோடு பகல் முழுக்க குடிச்ச சூட்ட அப்பத்தான் கக்கிக்கிட்டு இருக்கும். பொறங்கைய ரோட்டுல ஏழு செகண்ட் வெச்சு பாருங்க, உங்களால முடியலன்னா அதாலயும் முடியாது. நாம செருப்பு போட்டிருக்கோம், நம்ம மூஞ்சி அஞ்சடி மேல இருக்கு, அது வயிறு ரோட்டுக்கு ஒரு அடி மேல. பாதம் வெந்து போன நாய் நடக்கும்போது கால் மாத்தி மாத்தி தூக்கும், வீட்டுக்கு வந்து பாதத்த நக்கிக்கிட்டே இருக்கும், உடனே தண்ணில கால வெச்சு கழுவி விட்டு, மெத்த தோல் கொப்புளிச்சிருக்கான்னு பாருங்க. பந்து போட்டு வெளையாடுற நாயா இருந்தா நிறுத்த வேண்டியது நீங்கதான், லேப்ரடார் எல்லாம் விழற வரைக்கும் ஓடும், போதும்னு அதுக்கு சொல்ல தெரியாது. கார்ல விட்டுட்டு கடைக்கு போறது அஞ்சு நிமிஷம் கூட வேண்டாம், கண்ணாடிய கொஞ்சம் எறக்கி விட்டாலும் பத்து நிமிஷத்துல உள்ள பத்து டிகிரி செல்சியஸ் ஏறிடும்.

முடிய மொட்ட அடிக்கலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. பொமரேனியன், லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் இதுக்கெல்லாம் ரெண்டு அடுக்கு முடி, மேல் அடுக்கு வெயில் தோல்ல படாம தடுக்குது. அத செரச்சிட்டா தோல் வெந்து போகும், சில நாய்க்கு முடி திரும்ப ஒழுங்கா மொளைக்கறதே இல்ல. அதுக்கு பதிலா தெனம் பத்து நிமிஷம் சீப்பு போட்டு உள்ள உதிர்ந்து அடைச்சிருக்குற மெத்து முடிய எடுத்து விடுங்க, தோலுக்கு காத்து போகும். ஷீ சூ மாதிரி முடி வளந்துக்கிட்டே இருக்குறதுக்கு குட்டையா வெட்டலாம், தோல் தெரியற அளவுக்கு வேண்டாம். தெனம் ஷாம்பு போட்டு குளிப்பாட்டாதீங்க, வெறும் தண்ணி ஊத்துறது தப்பில்ல, ஆனா காதுக்குள்ள தண்ணி நிக்காம தொடைச்சு விடுங்க. சென்னை புழுக்கத்துல ஈரம் காயாம விட்டா தோல்ல புண்ணு வந்துடும்.

உண்ணியும் இந்த சீசன்லதான் பெருகும், சுவத்து வெடிப்புல, கட்டில் இடுக்குல எல்லாம் முட்ட வைக்கும். நாய் சோந்து படுத்துட்டா எல்லாத்தையும் வெயில்னு நெனச்சுக்காதீங்க. காலைல குளுமையான நேரத்துலயும் சோந்து கெடக்கு, 104 காட்டுது, ஈறு வெளிறி இருக்கு, மூக்குல ரத்தம் வருதுன்னா அது உண்ணி காய்ச்சலா இருக்கலாம், அதுக்கு ரத்தப் பரிசோதனையும் மருந்தும் வேணும், தண்ணி ஊத்தினா தீராது. தெனம் ராத்திரி காது மடல், விரல் இடுக்கு, பெல்ட்டுக்கு அடில கை விட்டு தடவி பாருங்க.

கடைசியா தெரு நாய்ங்க. நம்ம வீட்டு நாய்க்கு ஏசி போடுற நாம வாசல்ல ஒரு சட்டி தண்ணி வைக்கலாம். எங்க வாசல் புங்க மரத்துக்கு அடில மண் சட்டிய பாதி வரைக்கும் மண்ணுல பொதைச்சு வெச்சிருக்கேன், மாடு முட்டினாலும் சாயாது, மண் ஈரத்துல தண்ணியும் சூடாகாது. தெனம் காலைல பழைய தண்ணிய மரத்துக்கே ஊத்திட்டு தேங்கா நார் போட்டு தேய்ச்சு கழுவி புதுத் தண்ணி ஊத்தணும், அப்படியே விட்டா கொசு முட்ட வெச்சிடும். வெயில் ஏறினதும் தெரு நாய்ங்க நிக்கிற காருக்கு அடில போய் படுக்கும், அதுக்கு அதுதான் நெழல், அசந்து தூங்குற நேரத்துல ஸ்டார்ட் பண்ற சத்தத்துக்கு சட்டுனு எந்திரிக்க முடியாது. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பானட்ல ரெண்டு தட்டு தட்டி, குனிஞ்சு ஒரு தடவ அடில பாத்துட்டு எடுங்க.